பிறந்த வீடும் ஊட்டிய வீடும்

அன்புள்ள ஐயா,

ஹவாய் அரசி லிலியுவோகலானியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிறந்ததுமே அவரை வேறொரு பிரபு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு வரி வருகிறது. அதைத் தாண்டிப் போகவே முடியவில்லை. பெற்றவர்கள் உயிரோடு, வசதியோடு இருக்கும்போது எதற்குக் கொடுக்க வேண்டும்? குழந்தையை வைத்து அரசியல் செய்ததாகத்தானே ஆகிறது? அந்தத் தாய்க்கு வலிக்கவே இல்லையா?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

அந்த வரியைப் போகிற போக்கில் எழுதியது என் தவறு. ‘கொடுத்துவிட்டார்கள்’ என்பதும் சரியான சொல் இல்லை. ஹவாய் மொழியில் அந்த வழக்கத்துக்கு ஹானாய் என்று பெயர். ஊட்டுவது, உணவளித்து வளர்ப்பது என்று பொருள். பெற்றவர் யார் என்பதை யாரும் மறைக்கவில்லை. குலவரிசையும் அந்தஸ்தும் பெற்றவர் வழியாகவே எண்ணப்பட்டன.

லிலியுவோகலானி 1838 செப்டம்பர் 2 அன்று ஹொனலுலுவில் பிறந்தார். தாய் கெயோஹோகாலோலே, தந்தை கபாகேயா. மெல்லிய மரப்பட்டைத் துணியில் சுற்றி, பாகி–கோனியா என்ற பிரபுத் தம்பதியின் வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுபோனார்கள். இதில் கவனிக்க வேண்டியது, கோனியாவின் சொந்த மகள் பௌவாஹி அப்போது அந்த வீட்டில் இல்லை. கினாவு என்ற பெரிய பிரபுப் பெண்மணியிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். 1839இல் கினாவு இறந்த பிறகுதான் பெற்றவர்களிடம் திரும்பினாள். அந்தக் கினாவுவின் மகன் அலெக்சாண்டரோ தாய்மாமனான மூன்றாம் கமேஹமேஹா மன்னரிடம் வளர்ந்தான். 1854இல் மாமனுக்குப் பின் அரியணை ஏறியவன் அவன்தான். ஆக, தன் மகளை ஒரு வீட்டில் விட்ட கோனியா, இன்னொருத்தியின் மகளை மடியில் வாங்கிக்கொண்டார். ஒரு குழந்தை மட்டும் ஒதுக்கப்பட்ட கதை அல்ல இது. அந்த வட்டத்தில் பல வீடுகளிலும் நடந்தது.

அரசியல் இருந்ததா? இருந்தது. தீவுகள் எல்லாம் ஒரே ஆட்சிக்குள் வந்ததே 1810இல்தான். பிரபுக்களுக்கு இடையிலான நட்பை இறுக்கிய கட்டு இது என்று லிலியுவோகலானியே 1898இல் வெளியான தன் வரலாற்றில் சொல்கிறார். ஆனால் அதே நூலில், பாகியின் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டதையும் எழுதுகிறார். வேறு தாய் தந்தையைத் தனக்குத் தெரியாது, பௌவாஹியைத் தவிர வேறு அக்காவும் இல்லை என்கிறார். பெற்றவர்களைப் பார்க்கும்போது அந்நியரிடம் நடந்துகொள்வதுபோலத்தான் நடந்துகொண்டாராம். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கும் நெஞ்சு கனத்தது. கெயோஹோகாலோலேக்கு வலித்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய மகன் கலாகாவாவும் வேறு வீட்டில்தான் வளர்ந்தான். ஆனாலும் ரத்த உறவு அறுந்துபோகவில்லை. 1874இல் மன்னரான கலாகாவா, 1877இல் தங்கையைத் தன் வாரிசாக அறிவித்தார். 1891இல் அவர் அரசியானார்.

பிரிவின் கொடுமை என்றால் எனக்கு அப்புறம் நடந்ததுதான் உறுத்துகிறது. நான்கு வயதில் அவரை மிஷனரித் தம்பதி நடத்திய ராயல் ஸ்கூல் விடுதியில் சேர்த்தார்கள். பணிப்பெண் தோளில் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட, குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. ராத்திரிக்குப் பெரும்பாலும் வெல்லப்பாகு தடவிய ஒரு தடித்த ரொட்டித் துண்டுதான். பசித்த பிள்ளைகள் தோட்டத்தில் கிழங்கு தோண்டிச் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். ஹவாயின் கடைசி ஐந்து ஆட்சியாளர்களும் படித்த பள்ளி அது. நாங்கள் வளரும் பிள்ளைகள் என்பதை ஆசிரியர்கள் மறந்துவிட்டார்கள் என்று லிலியுவோகலானி அறுபதை நெருங்கும் வயதில் எழுதுகிறார். அந்தப் பசி அவருக்கு மறக்கவே இல்லை.

1884இல் பௌவாஹி இறந்தார். பாகி கட்டிய ஹலெயாகலா வீடு தனக்கு வரும் என்று லிலியுவோகலானி ஆசைப்பட்டிருந்தார். வரவில்லை. பிறகு அது ஓட்டலாகிவிட்டது. அங்கே அந்நியர்கள் உலாவுவதைப் பற்றி அவர் எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள். அக்கா பிறந்ததன் நினைவாக நட்ட புளியமரம் நின்ற வீடு அது.

அன்புடன்.