ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் இரட்டைக் குழந்தையா?

கேள்வி: எனக்கு வயது 31. சென்ற மாதம் ஐ.வி.எஃப். சிகிச்சையில் எட்டு முட்டைகள் கருவுற்றன. அவற்றில் இரண்டில் இரண்டிரண்டு விந்தணுக்கள் நுழைந்துவிட்டதாகக் கூறி, ‘3 பி.என்.’ என்று குறித்து ஒதுக்கிவிட்டார்கள். ‘இரட்டைப் பிள்ளைகளை வீணாக்கிவிட்டார்களே’ என்று மாமியார் புலம்புகிறார். கணவரின் விந்தணுவில் கோளாறா? மற்ற ஆறு கருக்களை நம்பலாமா?

பதில்: முதலில் உங்கள் மாமியாரின் மனக்குறையைத் தீர்த்துவிடுகிறேன். இரண்டு முட்டைகள் தனித்தனியே கருவுற்றாலோ, முறையாகக் கருவுற்ற ஒரே கரு பின்னர் இரண்டாகப் பிரிந்தாலோதான் பொதுவாக இரட்டையர் உருவாகிறார்கள். உங்களுக்கு நடந்தது இவ்விரண்டும் அன்று.

விந்தணுவைச் சேர்த்து 16 முதல் 18 மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், சரியாகக் கருவுற்ற முட்டையின் நடுவே, தாயினுடையது ஒன்றும் தந்தையினுடையது ஒன்றுமாக, இரண்டு உருண்டைக் குமிழிகள் ஒட்டினாற்போல் தெரியும். இந்தக் குமிழிகளைத்தான் ‘பி.என்.’ (புரோநியூக்ளியஸ்) என்று குறிக்கிறார்கள். உங்களுடைய இரண்டு முட்டைகளில், இரண்டாவது விந்தணுவினுடையதும் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் மூன்று குமிழிகள் இருந்திருக்கின்றன. குமிழிக்கு 23 வீதம், 46 இருக்க வேண்டிய குரோமோசோம்கள் 69 ஆகிவிடுகின்றன. அத்தகைய கருவைக் கருப்பையில் வைத்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே கலைந்துவிடும். சில வேளைகளில், நஞ்சுத் திசு மணிமணியாகப் பெருகும் ‘முத்துப்பிள்ளை’ கர்ப்பமாக மாறி, இரத்தப்போக்கையும், அதை அகற்றிய பிறகும் தொடர்ந்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிய நிலையையும் உண்டாக்கும். ஆகவே ஆய்வகத்தினர் ஒதுக்கியது சரியே.

கோளாறு யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் விந்தணு முட்டையோடு இணைந்ததும், முட்டைக்குள் கால்சியம் அலை எழுந்து, அதன் விளிம்பில் காத்திருக்கும் ஆயிரக்கணக்கான நுண்பைகள் வெடிக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் ஓவாஸ்டாசின் என்னும் நொதி, முட்டையைச் சூழ்ந்த உறையில் விந்தணு பற்றிக்கொள்ளும் இசட்.பி.2 புரதத்தை வெட்டிவிடுவதால், பின்னால் வருபவை ஒட்ட முடிவதில்லை. அதே வேளையில், விந்தணு வந்து இணைவதற்கான, 2014-இல் கண்டறியப்பட்ட ஜூனோ என்னும் ஏற்பியையும் முட்டை தன் மேற்பரப்பிலிருந்து உதிர்த்துவிடுகிறது. முட்டை போதிய முதிர்ச்சி அடையாமலோ, அளவுக்கு மீறி முதிர்ந்தோ இருந்தால் இந்தக் கதவடைப்பு தாமதமாகும். இயற்கையில் கருக்குழாயின் உட்பகுதியை எட்டும் விந்தணுக்கள் சில நூறுக்குள்தான். ஆய்வகத் தட்டிலோ பல்லாயிரம் விந்தணுக்கள் முட்டையை மொய்க்கின்றன. எனவே இதைக் கணவரின் குறையாகக் கருத வேண்டாம்.

தட்டில் கருவுறச் செய்யும்போது நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு முட்டைகள் வரை இவ்வாறு ஆவது வழக்கம். எட்டில் இரண்டு என்பது சற்றுக் கூடுதல்தான். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன். அடுத்த முறையும் இப்படியே நிகழ்ந்தால், ஒரு முட்டைக்கு ஒரே விந்தணுவை ஊசியால் செலுத்தும் இக்சி முறையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

ஒதுக்கப்பட்ட இரண்டின் குறை மற்ற ஆறு கருக்களுக்குத் தொற்றிவிடாது. உங்கள் அறிக்கையில் அந்த ஆறு கருக்களுக்கும் நேரே ‘2 பி.என்.’ என்று குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். குறித்திருந்தால் இந்தக் காரணத்துக்காக அவற்றைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.