ஆனைமுடி மட்டும் பாக்கி

மலை ஏறுறது பத்தி போன இதழ்ல நாலு வரி எழுதினதுக்கு கம்பம், கூடலூர், செங்கோட்டை, பாலக்காடு, குமுளின்னு எல்லை ஓரமா இருந்தே நிறைய லெட்டர் வந்திருக்கு, அதனால இந்த தடவை கேள்வி பதில் முழுக்க மலைதான்.

கேள்வி: அண்ணே, எனக்கு 52 வயசு, ஏலக்காய் கடையில கணக்கு எழுதுறேன். காலேஜ் முடிச்ச வருஷம் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து டைரியில ஒரு லிஸ்ட் போட்டோம், தமிழ்நாடு கேரளா எல்லைப் பக்கம் இருக்கிற மலைகளை ஏறி முடிக்கணும்னு. வெள்ளியங்கிரி, செம்பரா, மீசப்புலிமலை, கொழுக்குமலை, மங்களாதேவி, அகத்தியர்கூடம், ஆனைமுடி. மத்தவங்க கல்யாணம், வேலைன்னு நின்னுட்டாங்க, நான் விடல. இப்ப ஆனைமுடி மட்டும் பாக்கி. ராஜமலை வரைக்கும் போய் நின்னு பார்த்தாச்சு, அதையே ஏறினதா எழுதிக்கலாமா? இல்ல, மூணார்ல ஒருத்தர் காசு கொடுத்தா பின்பக்கமா கூட்டிட்டுப் போறேங்கிறார், அவர்கூட போகலாமா? (கம்பம் வாசகர்)

பதில்: தம்பி, அந்த ஆள்கூட போகாதீங்க. இதை முதல்ல சொல்லிடறேன், மத்ததை அப்புறம் பேசுவோம்.

ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவுலயே உயரம், ஆனா அது இருக்கிறது இரவிகுளம் நேஷனல் பார்க்குக்குள்ள. டிக்கெட் எடுத்துட்டுப் போற நம்மள ராஜமலை ரோட்டுல ஒரு எல்லை வரைக்கும்தான் விடுவாங்க, உச்சிக்கு பொதுவா பர்மிஷன் கிடையாது. எல்லாம் வரையாட்டுக்காகத்தான். உலகத்துல மிச்சம் இருக்கிற வரையாட்டுல பெரிய கூட்டம் அங்கதான் மேயுது, அது குட்டி போடுற சீசன்ல, பிப்ரவரி மார்ச் வாக்குல, ராஜமலையையே மூடிடறாங்க. குட்டியோட நிக்கிற ஆட்டை நாலு பேர் பின்பக்கமா ஏறி விரட்டினா அது எந்தப் பாறையில போய் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. நீங்க கம்பத்துக்காரர், குரங்கணி காட்டுத்தீயை நான் உங்களுக்கு சொல்லணும்னு இல்ல. 2018 மார்ச் 11-ம் தேதி, கொழுக்குமலையில இருந்து இறங்கிட்டு இருந்தவங்களை தீ வளைச்சுது, காஞ்ச புல்லு, காத்து வேற, தீ சமதரையில பரவுறதை விட சரிவுல மேல ஏறும்போது ரொம்ப வேகமா ஏறும், ஓட இடமே இல்லாம 20 பேருக்கு மேல போயிட்டாங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க ராத்திரியில மலை ஏறிப் போய் காயம் பட்டவங்களை சுமந்துட்டு வந்ததை போடியில இன்னைக்கும் பேசுவாங்க. நாம காட்டுக்குள்ள இருக்கோம்னு ஒரு செக்போஸ்ட் நோட்டுல எழுதியிருந்தாதான் தேடவாவது ஒருத்தர் வருவாங்க. காசு வாங்கிட்டு பின்பக்கமா கூட்டிட்டுப் போறவர்கிட்ட அந்த நோட்டு இல்ல, கால் பிசகினா நீங்க அங்க இருக்கிறதே யாருக்கும் தெரியாது.

சரி, ராஜமலையை ஆனைமுடின்னு எழுதலாமா? என் மனசுக்கு சரியா படல. ராஜமலைன்னே எழுதுங்க. அப்படிப் பார்த்தா செம்பராவையும் ஒரு தடவை யோசிங்க, அங்கயும் அந்த இதய வடிவ ஏரி வரைக்கும்தான் விடுவாங்க, மேல 2,100 மீட்டர் உச்சிக்கு இல்ல. நீங்க ஏரியோட திரும்பியிருந்தா டைரியில 'செம்பரா, ஏரி வரை'ன்னு போடுங்க. இவ்வளவு வருஷம் விடாம ஏறின ஆளுக்கு அந்த டைரியில ஒரு வரி கூட பொய்யா இருக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன், அதனாலதான் இவ்வளவு கறாரா சொல்றேன்.

லிஸ்ட் முடியலையேன்னு வருத்தம் இருக்கும், தெரியுது. ஸ்காட்லாந்துல ஹியூ மன்றோன்னு ஒருத்தர் இருந்தார், நம்ம மெட்ராஸ் கவர்னர் மன்றோ இல்ல, இவர் வேற. 3,000 அடிக்கு மேல இருக்கிற அந்த ஊர் மலைகளை எல்லாம் சேர்த்து 1891-ல லிஸ்ட் போட்டார். அதை முதல்ல முடிச்சதா சொல்றது ராபர்ட்சன்ங்கிற பாதிரியாரை, 1901-ல. லிஸ்ட் போட்ட மன்றோ 1919-ல இறந்தார், அவருக்கு கடைசி வரைக்கும் முடியல, ஸ்கை தீவுல கயிறு கட்டி ஏற வேண்டிய ஒரு பாறை உச்சி அவருக்கு எட்டாமலே போச்சு. ஆனாலும் இன்னைக்கும் அந்த மலைகளுக்கு மன்றோன்னுதான் பேரு.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. வரையாடு கணக்கெடுப்பு நடக்கும், 2025-ல ரெண்டு மாநிலமும் சேர்ந்தே எடுத்தாங்க. அதுக்கு வெளியாட்களை வாலன்டியரா சேர்க்கிறாங்களான்னு மூணார் வைல்ட்லைஃப் ஆபீஸ்ல நேராவே போய் கேட்டு வைங்க. உச்சி வரைக்கும் அனுப்புவாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா அந்தப் புல்வெளியில முறையா கால் வைக்க அது ஒரு வழி. கிடைக்கலைன்னா 'ஆனைமுடி, ராஜமலை வரை'ன்னு தேதி போட்டு எழுதி, லிஸ்ட் போட்ட அன்னைக்கு கூட இருந்த ஃப்ரெண்ட்ஸை கூப்பிட்டு ஒரு நாள் பிரியாணி போடுங்க. அது அவங்க லிஸ்ட்டும்தான்.

கேள்வி: மீசப்புலிமலை உயரமா, தொட்டபெட்டா உயரமா? எங்க வீட்ல தினமும் சண்டை. (கூடலூர் வாசகி, நீலகிரி)

பதில்: மீசப்புலிமலை 2,640, தொட்டபெட்டா 2,637. மூணு மீட்டர்தான் வித்தியாசம், நாளைக்கே திரும்ப அளந்தா மாறவும் மாறலாம். மேல சொன்ன ஸ்காட்லாந்து லிஸ்ட்லயே அப்படி அளந்து அளந்து சில மலை வெளிய போயிருக்கு, இப்ப 282 இருக்கு. தொட்டபெட்டாவுல உச்சி வரைக்கும் வண்டி போகும், அதனால என் லிஸ்ட்ல நான் அதை சேர்க்கவே இல்ல.

கேள்வி: சார், எனக்கு 44 வயசு. சின்ன வயசுல எங்க தாத்தா குற்றாலத்துல நின்னு பொதிகையைக் காட்டுவார், அப்ப இருந்தே ஆசை. மத்த மலை எல்லாம் ஏறிட்டேன், அந்தப் பொதிகையோட உச்சி அகத்தியர்கூடம்தான் கடைசி. பொம்பளைங்க போகக் கூடாதுன்னு எங்க பக்கம் இன்னும் சொல்றாங்க. உண்மையா? (செங்கோட்டை வாசகி)

பதில்: போகலாம்மா, தாராளமா போங்க. முன்னாடி விடாம இருந்தாங்க, அது நிஜம், அகத்தியர் பிரம்மச்சாரின்னு சொல்லி அங்க இருக்கிற காணி பழங்குடி மக்கள்கிட்ட எதிர்ப்பு இருந்துச்சு. 2018-ல கேரள ஹைகோர்ட் ஆண் பெண் பாகுபாடு பார்க்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, 2019 ஜனவரி சீசன்ல இருந்து பெண்கள் ஏறிட்டு இருக்காங்க. காணி மக்களுக்கு அது சாமி மலை, அதை மனசுல வச்சு நடந்துக்கிட்டா போதும்.

சீசன் ஜனவரி, பிப்ரவரி வாக்குலதான். கேரள வனத்துறை ஆன்லைன்ல புக்கிங் திறப்பாங்க, ஒரு நாளைக்கு இத்தனை பேர்னு கணக்கு இருக்கிறதால மளமளன்னு முடிஞ்சிரும், டிசம்பர் கடைசியில இருந்தே கண்ணு வச்சுக்கோங்க. டாக்டர் சர்டிபிகேட்டும் கேப்பாங்க. நம்ம பக்கம் பாபநாசம் வழி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அந்த வழியா விடமாட்டாங்க. நீங்க தென்மலை, குளத்துப்புழா, பாலோடு வழியா விதுரா போய் அங்க இருந்து பொனக்காடு போகணும். முதல் நாள் காடு, ஓடை, அப்புறம் நிழலே இல்லாத புல்வெளி, அதுல வெயில் ஏறதுக்குள்ள தாண்டிடுங்க, ராத்திரி அதிருமலை கேம்ப்ல தங்கல். ரெண்டாம் நாள்தான் உச்சி, 1,868 மீட்டர். கடைசி பாறைகள்ல கயிறு கட்டி வச்சிருப்பாங்க, அவசரப்படாம ஒருத்தர் ஏறின பிறகு அடுத்தவர் ஏறுங்க, மேல அகத்தியர் சிலை இருக்கும். உங்க தாத்தா காட்டின மலை, கட்டாயம் போய்ட்டு வாங்க, போய்ட்டு வந்து எனக்கு ஒரு லெட்டர் போடுங்க.

கேள்வி: லிஸ்ட்ல இருந்த மலை எல்லாம் முடிச்சுட்டேன். சந்தோஷமா இருக்கணும், ஆனா என்னமோ வெறுமையா இருக்கு. வீட்ல சொன்னா புரியல. (பாலக்காடு வாசகர்)

பதில்: எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அதனால உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். வருஷக்கணக்கா ஒரு பழக்கம் இருந்திருக்கும் பாருங்க, புக்கிங் எப்பன்னு பார்க்கிறது, காலையில எந்திரிச்சு படிக்கட்டு ஏறி இறங்குறது, ஷூவை வெயில்ல காய வைக்கிறது, லீவுக்கு ஆபீஸ்ல கெஞ்சுறது, அது அத்தனையும் ஒரே நாள்ல நின்னு போகுது. மலை அங்கயேதான் இருக்கு, நம்ம காலைப் பொழுதுதான் காலியாகிருச்சு. அதனால முதல்ல அந்த காலை நடையை நிறுத்தாதீங்க, எந்த மலையும் மனசுல இல்லைன்னாலும் நடங்க.

இந்த வெறுமையில உடனே லோன் போட்டு எவரெஸ்ட் பேஸ் கேம்ப்னு கிளம்புறவங்களை பார்த்திருக்கேன். அது 5,364 மீட்டர், நம்ம மலை எதுவும் 2,700-ஐ கூட தொடல, காத்து மெலிஞ்சு போற உயரம் நம்ம உடம்புக்கு பழக்கமே இல்ல. 3,000 மீட்டருக்கு மேல போனா ராத்திரி தங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக் கூடாதுன்னு சொல்றாங்க. போகணும்னா போங்க, ஒரு வருஷம் தயாராகிட்டு போங்க.

ரெயின்ஹோல்ட் மெஸ்னர்ங்கிற இத்தாலி மலையேறி 1986-ல உலகத்துல 8,000 மீட்டருக்கு மேல இருக்கிற 14 மலையையும் முடிச்ச முதல் ஆள், முடிச்சுட்டு உக்காரல, அடுத்து அண்டார்டிகாவை நடந்தே கடந்தார். ஸ்காட்லாந்துல லிஸ்ட்டை முடிச்சுட்டு முதல்ல இருந்து ரெண்டாவது சுற்று ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர். எனக்கு இந்த ரெண்டாவது சுற்றுதான் பிடிச்சிருக்கு. முதல் சுற்றுல உச்சி எப்ப வரும்னே நடந்திருப்பீங்க, இப்ப அதே வழியில சோலைக்காட்டு மரம் ஒவ்வொண்ணா பேர் கேட்டுக்கிட்டு, ஒரு ஊற்றுகிட்ட அரை மணி நேரம் உக்காந்துட்டு போகலாம், யாரும் துரத்தல. தெருவுல ஒரு பையனையோ பொண்ணையோ கூட்டிட்டுப் போங்க. நீலக்குறிஞ்சி 2006-ல பூத்துச்சு, 2018-ல பூத்துச்சு, அடுத்து 2030. அதுக்கு ஆள் சேர்க்குற வேலையை இப்பவே ஆரம்பிச்சாலும் சரியா இருக்கும்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். எனக்கும் இப்படி ஒரு லிஸ்ட் போடணும். எதுல ஆரம்பிக்கலாம்? (குமுளி மாணவர்)

பதில்: உன் வீட்டுல இருந்து பார்த்தா எந்த மலை தெரியுதோ அதுல ஆரம்பி தம்பி. உனக்கு அது மங்களாதேவி, கண்ணகி கோயில். வருஷத்துல சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் விடுவாங்க. குமுளியில இருந்து ஜீப்ல போயிடலாம், ஆனா லிஸ்ட்டுக்குன்னா நம்ம லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடி வந்து அங்க இருந்து நடந்து ஏறு, அப்பதான் ஏறின கணக்கு. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகாத, விடமாட்டாங்க. மத்த நாள்ல போகணும்னா தமிழ்நாடு வனத்துறை 2024-ல ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு இருக்கு, தேனி மாவட்டத்துலயும் வழி வச்சிருக்காங்க, கெய்டு கூட வருவாங்க, 18 ஆகாததால அப்பா அம்மா சம்மதம் வேணும். லிஸ்ட் எழுதும்போது ஒவ்வொரு மலைக்கும் எது வரைக்கும் விடுறாங்கன்னு பக்கத்துலயே எழுதிடு. சித்ரா பௌர்ணமிக்கு முந்துன வாரம் பேப்பர் பாரு, நேரமும் கட்டுப்பாடும் ரெண்டு மாவட்ட கலெக்டரும் சேர்ந்து அறிவிப்பாங்க.