பீனிக்ஸ் சன்ஸ்: ஆளைப் பார்க்கும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவின் NBA கூடைப்பந்து லீக்கில் ஆடும் சன்ஸில் டுரான்ட், புக்கர், பீல் என மூன்று நட்சத்திரங்கள் இருந்தும் அணி ஏன் தேறவில்லை?

மூவருமே பந்தைக் கையில் வைத்து ஆடிப் பழகியவர்கள். தடுப்பாட்டத்துக்கு ஓடியாடி உழைக்கும் ஆள்கள் எங்கே? 2023 பிப்ரவரியில் டுரான்டுக்காக மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு முதல் சுற்று பிக் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) எல்லாம் புரூக்ளினுக்குப் போயின. அப்புறம் பீலுக்காக கிறிஸ் பால். மூவர் சம்பளம் போக, மிச்ச இடங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் யார் வருவார்களோ அவர்கள்தான். 2024 பிளேஆஃபில், அதாவது பட்டத்துக்கான சுற்றில், மினசோட்டாவிடம் 0-4. அடுத்த சீசனில் 36 வெற்றி, 46 தோல்வி. பிளேஆஃபுக்கான தகுதிச் சுற்றான பிளே-இன் கூட எட்டவில்லை.

கேள்வி: பீலை வேறு அணிக்குத் தள்ளிவிட்டிருக்கலாமே?

அவர் சம்மதித்தால்தானே! 2022இல் வாஷிங்டன் கொடுத்த ஒப்பந்தத்தில், தன் அனுமதியின்றி டிரேட் செய்யக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. சன்ஸுக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது. போதாததற்கு, சம்பளப் பட்டியல் இரண்டாம் ஏப்ரன் என்று லீக் போட்ட மேல் கோட்டைத் தாண்டிய அணி, இரண்டு பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது. இரண்டு கதவும் பூட்டு.

கேள்வி: அப்படியானால் 2025 ஜூலையில் பீலைக் காசு கொடுத்து விடுவித்தது சரியா?

கணக்கைப் பாருங்கள். பாக்கி இரண்டு ஆண்டு, சுமார் 11.1 கோடி டாலர். விடுவிக்கும்போது மீதி ஆண்டுகளை இரட்டித்து ஒன்று கூட்டி, அத்தனை ஆண்டுகளுக்குப் பாக்கியைப் பரப்பலாம், அதாவது ஐந்து. ஆனால் இப்படிப் பரப்பிய தொகை ஓர் அணிக்கு லீக் வைத்த சம்பள வரம்பில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முன்பே விடுவித்த நசீர் லிட்டில் போன்றோரின் பணம் அதில் கொஞ்சம் இடத்தை அடைத்திருந்தது. அதனால்தான் பீல் கிட்டத்தட்ட 1.4 கோடியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 1.94 கோடி, 2029-30 வரை, ஆடாத ஆளுக்கு!

சம்பளம் அளவு மீறினால் லீக் வசூலிக்கும் ஆடம்பர வரியிலிருந்து அந்த ஆண்டே தப்பிக்க முடிந்தது, உண்மை. ஆனாலும் என் கணக்கில் இது அவசரம். இன்னும் ஓர் ஆண்டு பொறுத்திருந்தால் பீல், ஒரே ஓர் ஆண்டு மட்டும் பாக்கியுள்ள, முடியப்போகும் ஒப்பந்தக்காரர் ஆகியிருப்பார்.

கேள்வி: 2025இல் டுரான்டை ஹூஸ்டனுக்கு டிரேட் செய்ததில் சன்ஸுக்குக் கிடைத்தது போதுமா?

ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், பத்தாவது பிக், சில இரண்டாம் சுற்று பிக். வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் வயிறு எரியும். ஆனால் டுரான்டுக்கு அப்போது வயது 36, ஒப்பந்தத்தில் மீதி ஓர் ஆண்டு. யாராக இருந்தாலும் இதற்கு மேல் தரமாட்டார்கள்.

கேள்வி: ரசிகர்கள் உரிமையாளர் மேல் கோபமாக இருக்கிறார்களா?

பாதிப் பாதி. மேட் இஷ்பியா வந்தபின் ஆட்டங்கள் உள்ளூரில் இலவச டிவிக்கு வந்தன, அரங்கில் ஹாட் டாக் இரண்டு டாலர். குடும்பத்தோடு போகிறவர் இதை மறக்கமாட்டார். அதே ஆள்தான் 2023, 2024, 2025 என்று வருஷத்துக்கு ஒரு பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார். டிக்கெட் வாங்குபவருக்கும் அணியின் பிக் கணக்கைப் பார்ப்பவருக்கும் இரண்டு வேறு இஷ்பியா தெரிகிறார்.

கேள்வி: புக்கரின் புது ஒப்பந்தம்?

இரண்டு ஆண்டு நீட்டிப்பு, சுமார் 14.5 கோடி, அதுவும் 2029-30 வரை. பீனிக்ஸில் அவரை விட்டுவிடத் துணிந்த உரிமையாளர் ஊருக்குள் நடமாட முடியாது. ஆகவே கையெழுத்து புரிகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டு இருக்கும்போதே நீட்டியதில் எனக்கு உடன்பாடில்லை.