கோ மொழியில் ஸ்ட்ரக்டுக்கு மெத்தட் எழுதிய பிறகும், அது இன்டர்ஃபேஸோடு பொருந்தவில்லை என்று கம்பைலர் திட்டுவது ஏன்?

உங்கள் மெத்தடின் ரிசீவரில், அதாவது மெத்தட் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் வரும் டைப்பில், நட்சத்திரக் குறி இருக்கும்; இன்டர்ஃபேஸ் கேட்கிற இடத்தில் வெறும் ஸ்ட்ரக்டைக் கொடுத்திருப்பீர்கள். பிழைச் செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'பாயிண்டர் ரிசீவர்' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். மெத்தட் ஃபீல்டை மாற்றுகிறதா? அப்படியென்றால் நட்சத்திரம் இருக்கட்டும், கொடுக்கும் இடத்தில் ஆம்பர்சண்ட் போட்டு முகவரியைக் கொடுங்கள்.

நட்சத்திரம் இல்லாத வேல்யூ ரிசீவரில் எழுதிய மெத்தட் ஸ்ட்ரக்டுக்கும் உண்டு, அதன் முகவரியான பாயிண்டருக்கும் உண்டு. நட்சத்திரம் உள்ள பாயிண்டர் ரிசீவரில் எழுதியது பாயிண்டருக்கு மட்டும்தான். "வேரியபிளை வைத்து நேராகக் கூப்பிட்டால் ஓடுகிறதே" என்பீர்கள். அங்கே கம்பைலரே முகவரியை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. இன்டர்ஃபேஸுக்குள் போய்விட்ட நகலுக்கு முகவரி எடுக்க வழியில்லை.

உங்களைக் கம்பைலராவது தடுத்தது. என்னைத் தடுக்கவில்லை. டேட்டாபேஸ் இணைப்பு விவரங்களுக்கு ஒரு ஸ்ட்ரக்ட் வைத்திருந்தேன். பாஸ்வேர்ட் லாகில் விழக்கூடாது என்று அதற்கு ஸ்ட்ரிங் மெத்தட் எழுதி, பாஸ்வேர்ட் வரும் இடத்தில் ஆறு எக்ஸ் வரும்படி செய்தேன். பழக்கத்தில் ரிசீவரில் நட்சத்திரம். டெஸ்டிலும் பாயிண்டரையே கொடுத்ததால் பாஸ் ஆகிவிட்டது. வேறொரு ஃபைலில் சக ஊழியர் அதை வேல்யூவாகவே, அச்சடிக்கும் ஃபங்ஷனான பிரிண்ட்எல்என்னுக்குக் கொடுத்தார். பிரிண்ட்எல்என் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். வந்தது ஸ்ட்ரிங்கரா, அதாவது ஸ்ட்ரிங் மெத்தட் கேட்கும் இன்டர்ஃபேஸோடு பொருந்துகிறதா என்று ஓடும்போதுதான் பார்க்கும். இல்லையென்றால் ஃபீல்டுகளை அப்படியே அச்சடித்துவிடும். மூன்று நாள் லாகில் பாஸ்வேர்ட் பச்சையாகக் கிடந்தது.

அந்த மாற்றத்துக்கு ரிவ்யூவில் 11 கமெண்ட் வந்திருந்தது. பதினொன்றும் வேரியபிள் பெயர்களைப் பற்றி. ரிசீவரை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு நடந்த மீட்டிங்கில் "கவனமாக எழுத வேண்டாமா" என்று என்னைக் கேட்டவர்களும் அவர்களேதான். அது இன்னும் ஆறவில்லை.

எல்லாவற்றுக்கும் வேல்யூ ரிசீவர் போடச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மியூட்டெக்ஸ் என்ற பூட்டு உள்ள ஸ்ட்ரக்டை நகலெடுத்தால், கோடைச் சோதிக்கும் 'கோ வெட்' கருவி எச்சரிக்கும், அங்கே பாயிண்டர்தான். ஒரே டைப்பில் இரண்டையும் கலக்காதீர்கள் என்று கோ மொழியின் அதிகாரபூர்வக் கேள்வி-பதில் பக்கமே சொல்கிறது. என் ஸ்ட்ரக்டில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை, அதனால் எல்லா மெத்தடிலும் நட்சத்திரத்தை எடுத்தேன்.

கூடவே ஒரு வரி சேர்த்தேன்: பெயருக்குப் பதில் அண்டர்ஸ்கோர், டைப் ஸ்ட்ரிங்கர், சமக்குறிக்கு வலப்பக்கம் அந்த ஸ்ட்ரக்டின் வெற்று மதிப்பு. நாளைக்கு யாராவது மறுபடி நட்சத்திரம் போட்டால் பில்டே ஆகாது.