'மயக்க மருந்து அலர்ஜி' என்று எழுதினால் போதுமா?

கேள்வி: என் அண்ணிக்குப் புதுச்சேரியில் பித்தப்பைக் கல் ஆபரேஷன். மயக்கம் கொடுத்த பத்தாவது நிமிடத்தில் அலர்ஜி வந்துவிட்டது என்று நிறுத்தி, ஐ.சி.யூ.வில் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது 'மயக்க மருந்து அலர்ஜி' என்று எழுதித் தந்தார்கள். மயங்கிக் கிடப்பவருக்கு அலர்ஜி வந்தது எப்படித் தெரியும்? இனி ஆபரேஷனே செய்ய முடியாதா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: செய்ய முடியும். ஆனால் சீட்டில் உள்ள அந்த மூன்று சொல் போதாது.

விழித்திருப்பவர் என்றால் அரிக்கிறது, தொண்டை அடைக்கிறது என்பார். மயக்கத்தில் அதற்கு வழியில்லை. தோல் தடிப்பும் பச்சைத் துணிக்கு அடியில் மறைந்துவிடும். மானிட்டரைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பிரஷர் 60, 50 என்று சரியும், நாடி பெரும்பாலும் எகிறும். மூச்சுக்குழல் சுருங்குவதால், மூச்சு கொடுக்க மருத்துவர் அழுத்தும் காற்றுப் பை கைக்கு விறைப்பாக இருக்கும். வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு அளவு இறங்கும். மயக்கம் கொடுத்தாலே பிரஷர் கொஞ்சம் குறையும் என்பதால் முதல் ஓரிரு நிமிடம் ஏமாற்றிவிடும். பிரஷரை ஏற்றும் வழக்கமான ஊசிக்கும் ஏறவில்லையா, உடனே அலர்ஜியைச் சந்தேகிக்க வேண்டும்.

உயிரைக் காப்பது அட்ரினலின். 1 மில்லி ஆம்பியூலில் 1 மில்லிகிராம் இருக்கும். அதை 10 மில்லியாகக் கலந்து, பெரியவர்களுக்கு அரை மில்லி, அதாவது 50 மைக்ரோகிராம், ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் ஓரிரு நிமிடத்தில் மறுபடியும். கூடவே 100 சதவீத ஆக்சிஜன், கால்களை உயர்த்துவது, வேகமாக ஒரு லிட்டர் சலைன். அளவு தப்பினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் என்பதால் இது மயக்கவியல் மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும். ஏவில் என்ற அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் போட்டுக் காத்திருப்பது தவறு. சரிந்த பிரஷரை அவை நிமிர்த்தாது.

இனி சீட்டு. அந்தப் பத்து நிமிடத்தில் ஐந்தாறு மருந்து உள்ளே போயிருக்கும். தூங்க வைக்கும் மருந்து குற்றவாளியாக இருப்பது குறைவு. தசையைத் தளர்த்தும் மருந்தோ, கீறுவதற்கு முன் போடும் ஆன்டிபயாட்டிக்கோதான் பெரும்பாலும் காரணம். தோலில் தடவும் கிருமிநாசினியான குளோர்ஹெக்ஸிடின், கையுறை லேடெக்ஸ்கூட இருக்கலாம். மயக்க மருந்துப் பதிவுத்தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து எத்தனை மணிக்கு என்பது அதில் இருக்கும். வந்தது அலர்ஜிதானா என்று உறுதிசெய்ய உதவும் டிரிப்டேஸ் பரிசோதனைக்கு அன்று ரத்தம் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். அதை 4 மணி நேரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத் தோல் பரிசோதனை செய்யலாம். மருந்தின் பெயர் தெரிந்தால் அதை ஒதுக்கிவிட்டு ஆபரேஷனை முடிக்கலாம். அதற்குள் வலி வந்து கடலூரிலேயே வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், அந்த நகலை முதலில் நீட்டுங்கள்.

கேள்வி: காலை 5 மணிக்கு அரை டம்ளர் டீ குடித்ததற்காக 8 மணி ஹெர்னியா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார்கள். டீயும் தண்ணீர் மாதிரிதானே?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பால் கலந்தால் இல்லை. வயிற்று அமிலத்தில் பால் திரிந்து, திட உணவு போலத் தங்கும். மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் இருந்து மேலே வருவது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பாலுக்கும் இட்லிக்கும் 6 மணி நேரம், பிரியாணி என்றால் 8. உங்கள் ஆபரேஷன் 11 மணிக்கு மேல் இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.