சூப்பர்மூனை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

தாராளமாகப் பார்க்கலாம், தொலைநோக்கி வேண்டாம்.

நிலா பூமியைச் சுற்றும் பாதை சற்றே நீள்வட்டம். அதனால் தூரம் ஏறக்குறைய 3,57,000 கி.மீ. முதல் 4,06,000 கி.மீ. வரை மாறிக்கொண்டே இருக்கும். நிலா நமக்குக் கிட்டே வரும் சமயத்தில் பௌர்ணமியும் சேர்ந்துகொண்டால் அது சூப்பர்மூன். 2025 நவம்பர் 5 அன்று வந்தது அப்படித்தான்.

மிகத் தொலைவில் வரும் பௌர்ணமியைவிட இது சுமார் 14 சதவீதம் பெரிதாகத் தெரியும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் மாதிரி. ஆனால் வானத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதே, அதனால் சட்டென்று பிடிபடாது. வெளிச்சம் கூடுதலாக இருப்பது வேண்டுமானால் தெரியலாம்.

பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தையொட்டி நிலா கிழக்கே எழும். மொட்டைமாடிதான் நல்ல இடம். ஜன்னல் வழியாகப் பார்ப்பதென்றால் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். எதிரே கட்டடம் மறைத்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள், மேலே வந்துவிடும். மொபைலில் வெறும் வெள்ளையாக விழுகிறதா? திரையில் நிலாவைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள், கறைகள் தெரியும்.

அடிவானத்தில் நிலா பிரம்மாண்டமாகத் தெரிவது சூப்பர்மூனால் என்று பலர் நினைக்கிறார்கள். அது எல்லாப் பௌர்ணமிக்கும் நம் மூளை காட்டும் தோற்றம்தான்: கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தை நிலாவுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், உச்சிக்கு வந்த பிறகும் அதே அளவுதான் இருக்கும்.