அப்பாவின் டீசல் பென்ஸ் கூபேயை விற்கும் முன் கிராண்டைப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன், ஐயா. அப்பாவுக்கு வயது 79. அவருடைய 1982 மெர்சிடிஸ் 123, இரண்டு கதவு கூபே, ஐந்து சிலிண்டர் டீசல், வீட்டுப் போர்ச்சில் நிற்கிறது. பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். இப்போது கண் சரியில்லை, ஓட்டுவதில்லை. டீலர் ஒருவர் சாமான் விலைக்குக் கேட்கிறார். நண்பர் ஒருவரோ, "இது அபூர்வமான 300சிடி, அமெரிக்காவில் நல்ல விலை போகிறது, அவசரப்பட்டு விட்டுவிடாதே" என்கிறார். யாரை நம்புவது? எப்படி விற்பது?

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். டீலர் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார், நண்பர் இல்லாத காரைச் சொல்கிறார்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கிறது. அதிலேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. 123 கூபேயில் டீசல் என்ஜின் வைத்து பென்ஸ் விற்றது வட அமெரிக்காவில் மட்டும்தான். 1978 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு ஒரு வரம்பு வந்தது. அந்தச் சராசரியைத் தூக்கிப் பிடிக்கத்தான் சொகுசு கூபேக்குள் டாக்சி என்ஜினைப் போட்டார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் 123 கூபேக்களில் அந்த டீசல் கூபேயான 300சிடி பதினைந்தாயிரத்துச் சொச்சம். எல்லாமே இடது ஸ்டீயரிங்.

ஆக, உங்கள் கார் பெட்ரோல் காராகப் பிறந்து, பிறகு டீசலாக மாறியது. டீசல் மலிவாகக் கிடைத்த காலத்தில் இப்படி மாற்றியவர்கள் உண்டு. நான்கு கதவு 300டியிலிருந்து என்ஜினை எடுத்திருப்பார்கள். சந்தேகமிருந்தால் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். அதில் 123243 என்று இருந்தால் 230சிஇ, 123053 என்றால் 280சிஇ, இரண்டுமே பெட்ரோல் கூபே. 230சிஇ என்றுதான் நினைக்கிறேன்.

சரி, இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் விற்பதற்கு முன் கிராண்டை, அதாவது காரின் பதிவுச் சான்றிதழை, எடுத்து மூன்று வரிகளைப் படியுங்கள்: என்ஜின் எண், என்ஜின் கொள்ளளவு, எரிபொருள். அங்கே டீசல் என்று இருக்கிறதா? கிராண்டில் உள்ள என்ஜின் எண்ணும் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒன்றா? எண்ணெய் அழுக்கு மூடியிருக்கும், துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துப்போனால் உங்கள் அப்பா ஒழுங்கான மனிதர், வேலை பாதி முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் இப்போதைக்கு விளம்பரம் போடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கு, வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் பி5 என்ற சோதனை உண்டு. அங்கே முதலில் பார்ப்பதே சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும்தான். முன்பணம் வாங்கிவிட்டு அங்கே போய் நின்றால் வாங்குபவர் முகத்தில் எப்படி முழிப்பீர்கள்? ரோட் டேக்ஸ் விஷயமும் இருக்கிறது. தீபகற்பத்தில் தனியார் காருக்கான கணக்குப்படி 2,299 சிசி 230சிஇக்கு ஆண்டுக்கு 679 வெள்ளி (ரிங்கிட்). 2,998 சிசி டீசல் என்ஜினுக்கு 2,125 வெள்ளி. கிராண்டில் பழைய கணக்கே இருந்தால் இத்தனை வருடமும் குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைவிட முக்கியம், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். என்ஜின் வாங்கிய பழைய ரசீது அலமாரியில் எங்காவது இருக்கும், தேடுங்கள். அதோடு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) போய் என்ஜின் மாற்றத்தைப் பதிவு செய்ய என்ன வேண்டும் என்று கேட்டு, அதை முடித்துவிட்டு வாருங்கள். அலைச்சல்தான், ஆனால் வாங்குபவர் தலையில் கட்டக் கூடாத அலைச்சல்.

அப்பாவிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கழற்றிய பெட்ரோல் என்ஜின் எங்கே? கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தால் உங்களுக்கு யோகம். கூபே வாங்க வருபவர்களில் பாதிப் பேர் கார் பிறந்தபடி இருக்க வேண்டும் என்று பார்ப்பவர்கள். பழைய என்ஜினும் சேர்ந்து வருகிறது என்றால் அவர்கள் பேசும் விலையே வேறு.

விலைக்கு வருவோம். அமெரிக்க 300சிடி விலையை மறந்துவிடுங்கள், அது வேறு கார். சிக்கன வண்டி என்றும் விற்க முடியாது. 10 ஜூன் 2024 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே நாளில் ஏறியதோடு அந்தப் பேச்சு போய்விட்டது. இங்குள்ள வலது ஸ்டீயரிங் 230சிஇ என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதுதான் உங்கள் அளவுகோல். முடா விளம்பரத் தளத்தில் போட்டிருக்கும் விலை ஆசை விலை. பழைய பென்ஸ் வைத்திருக்கும் ஆட்களிடமும், அவற்றைப் பழுதுபார்க்கும் போர்மன்களிடமும் விசாரித்தால் உண்மை விலை தெரியும். அதில் என்ஜின் மாற்றத்துக்குக் கொஞ்சம் குறையும், உடம்பு நன்றாக இருந்தால் அந்தக் குறை சரியாகிவிடும்.

உடம்பு என்றேனே, இந்தக் காரில் அதுதான் காசு. என்ஜின் பழுதானால் இன்னொன்று கிடைக்கும். துரு பிடித்த கூபேக்குக் கதவும் பின்பக்கத் தகடும் தேடி அலைய வேண்டும். நீங்கள் வேறு கடல் காற்று அடிக்கும் ஊரில் இருக்கிறீர்கள். ஜாக்கி வைக்கும் இடங்கள், பேட்டரித் தட்டின் அடி, பின்கண்ணாடியின் கீழ் ஓரம், ஸ்பேர் டயர் கிடக்கும் குழி, இவற்றையெல்லாம் நீங்களே முதலில் பாருங்கள். துரு இருந்தால் படம் எடுத்து விளம்பரத்திலேயே போடுங்கள். புதுப் பெயின்ட் மட்டும் வேண்டாம். விற்பதற்காக அடித்த பெயின்டைத் தெரிந்தவன் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிப்பான், அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ என்றுதான் யோசிப்பான்.

பார்க்க வருபவர் வருவதற்கு முன் என்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த என்ஜினை அவரே ஸ்டார்ட் செய்யட்டும். டீசல் என்ஜினை முன்கூட்டியே சூடாக்குவதைக் காட்டும் குளோ விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினால், கொஞ்ச நேரம் தடதடவென்று முனகிவிட்டு நிதானத்துக்கு வர வேண்டும். பழைய டீசலுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் இல்லை. விவரம் தெரிந்தவர் என்றால் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே இடத்தில் வைப்பார். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை, எகிறி விழுந்தால் கம்ப்ரஷன் கசிகிறது. அவர் செய்வதற்கு முன் நீங்கள் செய்து பாருங்கள். சாவியை எடுத்ததும் என்ஜின் உடனே நிற்க வேண்டும். நிற்காமல் இழுத்தால் பெரும்பாலும் வேக்யூம் குழாயில் ஓட்டை, சின்னச் செலவு. இன்ஜெக்டர்களுக்கு நடுவே போகும் விரலளவு துணி உறை போட்ட ரப்பர் குழாய்கள் வெடித்து டீசல் கசிந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். மைலேஜ் மீட்டரைக் காட்டிப் பெருமை பேச வேண்டாம். இந்த மாடலில் மீட்டரின் பல்சக்கரம் பழுதாகி எண் நின்றுபோவது சகஜம், வருகிறவருக்கும் அது தெரியும். சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுங்கள், போதும்.

படம் எடுக்கும்போது நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவிடுங்கள். நடுத்தூண் இல்லாத கார் இது. பக்கவாட்டில் அப்படியே திறந்து நிற்கும் அந்த அழகுக்காகத்தான் கூபேயைத் தேடி வருகிறார்கள்.

டீலரிடம் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் பெயரை மாற்றாமல் காரை எடுத்துப் போக விடாதீர்கள். சம்மன் வந்தால் 79 வயதில் அப்பா பெயருக்குத்தான் வரும். ஓட்டிப் பார்க்க வருபவரின் லைசென்சைப் படம் எடுத்துக்கொண்டு நீங்களும் கூட உட்காருங்கள். கைப்பேசியில் காட்டும் பணம் அனுப்பிய ரசீதை நம்பாதீர்கள், உங்கள் கணக்கில் பணம் விழுந்த பிறகுதான் அப்பா ஜேபிஜே கவுண்டரில் கட்டைவிரல் வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன். விற்பதாக முடிவு செய்தால் தள்ளிப்போடாதீர்கள். அப்பா கையெழுத்தில் இன்று எளிதாக முடியும் காரியம், அவர் காலத்துக்குப் பிறகு அமானா ராயா (இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அரசு நிறுவனம்) அல்லது நீதிமன்றம் வழியாக, வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியமாகிவிடும். அவருக்கு விற்க மனமில்லை என்றால், தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, மாதம் இரண்டு முறை மாட்டி, ஸ்டார்ட் செய்து சூடாகும் வரை ஓட விடுங்கள்.

பெயர் மாறிய அன்றே இன்சூரன்ஸ் ஏஜென்டைக் கூப்பிட்டு பாலிசியை ரத்து செய்யுங்கள். மீதி மாதங்களுக்குப் பணம் ஏதாவது திரும்ப வருமா என்றும் கேளுங்கள்.